கடலைக் குடியிருப்பாக்கிய காப்டன் கூஸ்தோ

செங்கடலில் எந்த வாரம் போய்ப் பார்த்தாலும், பவளப் பாறைகளுக்கு அருகே வெள்ளை வெளேர் என்று சில கப்பல்கள் நிற்கும். அவை சரக்கு ஏற்ற வந்தவை அல்ல. மீன் பிடிக்க வந்தவையும் அல்ல. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே பணம் கட்டி வந்தவர்கள் அவற்றில் இருக்கிறார்கள்.

ஒரு வாரம், பத்து நாள் அவர்களுக்குக் கப்பல்தான் வீடு. காலையில் எழுந்ததும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறார்கள். மேலே வந்து சாப்பிடுகிறார்கள். மறுபடியும் குதிக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு 3 அல்லது 4 தடவை மூழ்குகிறார்கள். இரவோடு இரவாகக் கப்பல் அடுத்த பாறைக்குப் போய்விடுகிறது. மாலத் தீவிலும் இந்தோனேசியாவிலும் இதே காட்சிதான்.

இத்தனை கப்பல்களுக்கும் வழிகாட்டிய கப்பல் ஒன்று உண்டு. அதன் பெயர் கலிப்சோ. அதன் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஜாக் ஈவ் கூஸ்தோ என்று பெயர்.

கடலுக்கு அடியில் மனிதன் தாராளமாக மூச்சுவிட வழி செய்தவர் அவர். அந்த வழியாகப் போய்க் கடலில் வேட்டையாடியவரும் அவரே. பிறகு அந்தக் கடலைக் காப்பாற்றப் போராடியவரும் அவரே! அவருடைய கதையைக் கேளுங்கள்.

நோஞ்சான் பையன்

கூஸ்தோ 1910-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி பிறந்தார். ஊர், பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள செயிண்ட் ஆந்த்ரே த குப்சாக். தகப்பனார் வக்கீல்.

சிறு வயதில் கூஸ்தோ நோஞ்சான். குடல் நோயும் ரத்த சோகையும் அவரை வாட்டின. ஆனாலும் தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்.

தகப்பனாரின் வேலை காரணமாகக் குடும்பம் கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே ஒரு கோடைகால முகாமுக்குப் பையனை அனுப்பினார்கள். ஏரிக்கு அடியில் கிடந்த மரக்கிளைகளை எடுத்துப் போடும்படி ஆசிரியர் ஏவினார். பையன் மூழ்கி மூழ்கி எடுத்தான். தண்ணீருக்குள் மூச்சை அடக்கும் பழக்கம் அப்போது வந்தது.

பள்ளிப் படிப்பில் அவருக்கு அக்கறை இல்லை. ஜன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காக ஒரு பள்ளியில் இருந்து வெளியேற்றப்பட்டார். யந்திரங்களிலும் சினிமாவிலும்தான் ஆசை. 13-வது வயதிலேயே சொந்தமாக ஒரு சினிமா காமிரா வாங்கிவிட்டார்.

1930-ல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அதிகாரியாகத் தேறினார். கடற்படையில் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கான பயிற்சியும் தொடங்கியது.

ஒடிந்த கைகள்

1936-ம் ஆண்டு. ஒரு நாள் இரவு, தகப்பனாரின் காரை எடுத்துக்கொண்டு சிநேகிதர் ஒருவருடைய கல்யாணத்துக்குப் புறப்பட்டார். மலைப் பாதை. திடீர் என்று கார் விளக்குகள் அணைந்தன. கார் உருண்டது.

கூஸ்தோவின் இரண்டு கைகளும் சேதம் அடைந்தன. ஒரு கை பல இடங்களில் ஒடிந்திருந்தது. இன்னொரு கை அசையவே இல்லை. கையை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். கூஸ்தோ சம்மதிக்கவில்லை. மாதக் கணக்கில் பயிற்சி செய்து, விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தார். கை பிழைத்தது. விமானி ஆகும் கனவு போயிற்று.

அவரைத் தூலோன் துறைமுகத்துக்கு மாற்றினார்கள். பிலிப் தாயே என்ற கடற்படை அதிகாரி அங்கே சிநேகிதர் ஆனார். கைக்குப் பலம் வரவேண்டுமானால் கடலில் நீந்த வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். தண்ணீருக்குள் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடியும் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூஸ்தோ அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் முகத்தை நுழைத்தார். பச்சை, பழுப்பு, வெள்ளி நிறப் பாசிகள். அவற்றுக்கு நடுவே மீன்கள். தலையைத் தூக்கினார். கரையில் டிராம் வண்டியும் விளக்குக் கம்பமும் தெரிந்தன. மறுபடியும் குனிந்தார். ஊரைக் காணோம். இன்னொரு உலகம் இருந்தது.

கூஸ்தோவின் வாழ்க்கை அன்றே திசை திரும்பிவிட்டது.

மறு ஆண்டு அவர் சிமோன் மெல்சியோர் என்ற பெண்ணை மணந்தார். சிமோனுக்கு அப்போது 18 வயது. அவரும் கடற்படைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜான் மிஷேல், பிலிப் என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

மூச்சுக்குத் தவிப்பு

கூஸ்தோவும் தாயேயும் பிரடெரிக் துமா என்ற சிநேகிதரும் சேர்ந்து கடலில் மூழ்கினார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு போய், ஈட்டியால் மீன் குத்தினார்கள். துமா இதில் பெரிய கெட்டிக்காரர்.

ஆனால் மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? கண்ணில் பட்டதை நன்றாகப் பார்ப்பதற்குள் மேலே வரவேண்டி இருந்தது.

பிராணவாயுவை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று கூஸ்தோ நினைத்தார். அதற்கு ஒரு கருவி செய்து, அணிந்துகொண்டு இறங்கினார். 45 அடி ஆழத்தில் வலிப்பு வந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. கருவியைத் திருத்தி இன்னொரு தடவை இறங்கினார். மறுபடியும் வலிப்பு! சுத்தப் பிராணவாயு ஆழத்தில் விஷம் ஆகிவிடும் என்பதை அவர் தம் உடம்பைக் கொண்டே தெரிந்துகொண்டார்.

அப்படியானால் சாதாரணக் காற்றைத்தான் கொண்டுபோக வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு 33 அடி ஆழத்துக்கும் தண்ணீரின் அழுத்தம் ஒரு மடங்கு கூடிக்கொண்டே போகும். சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வந்தால்தான் நெஞ்சு விரியும். இழுக்கும்போது மட்டும் வரவேண்டும். இல்லாவிட்டால் காற்று வீணாகிவிடும்.

கார் கருவி கடலுக்கு வந்தது

அது இரண்டாவது உலக யுத்த காலம். பிரான்சு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. மோட்டார்களை வாயுவில் ஓட்டினார்கள்.

யந்திரத்துக்கு எவ்வளவு வாயு தேவையோ அவ்வளவை மட்டும் விடும் ஒரு சிறு கருவியை, பாரீசில் எமில் கான்யான் என்ற என்ஜினீயர் செய்திருந்தார். 1942 டிசம்பரில் கூஸ்தோ அவரைச் சந்தித்தார். தமக்கு வேண்டிய கருவியைப் பற்றி விளக்கினார். கான்யான் தம்முடைய கருவியை எடுத்துக் காட்டினார். யந்திரத்துக்கு வாயு கொடுப்பது போல மனிதனுக்குக் காற்று கொடுக்க அதை மாற்ற முடியாதா?

முடிந்தது!

1943-ம் ஆண்டுத் தொடக்கத்தில், குளிர் நடுக்கும் மார்ன் ஆற்றில் சோதனை நடந்தது. படுத்தபடி நீந்தினால் காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்தால் கொட்டியது. தலைகீழாகப் போனால் நின்றது. காற்று வரும் வழியும் வெளியேறும் வழியும் ஒரே மட்டத்தில் இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். கோளாறு தீர்ந்தது.

அந்த ஆண்டு ஜூனில், பந்தோல் என்ற ஊருக்கு அருகே, கூஸ்தோ கருவியைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். மேலே மிதந்தபடி, சிமோன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூஸ்தோ கீழே குட்டிக்கரணம் போட்டார். தலைகீழாக நின்றார். கயிறு இல்லை, குழாய் இல்லை, இரும்புத் தொப்பி இல்லை! இன்று உலகம் முழுவதும் பயன்படும் நீர்மூழ்குக் கருவி பிறந்த கதை இதுதான்.

ஆழத்தில் ஆபத்து

கருவி வந்ததும் ஆபத்து நீங்கிவிடவில்லை. கொஞ்சம் ஆழம் போனதும், காற்றில் உள்ள நைட்ரஜன் மூளையை மயக்கும். கள் குடித்தவன் போல ஆகிவிடுவான்.

1943 அக்டோபரில் துமா ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். போன ஆழத்தில், இடுப்பில் இருந்த எடை பெல்ட்டைக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தார். 100 அடிகூடப் போயிருக்க மாட்டோம் என்பது அவருடைய எண்ணம். அளந்து பார்த்தால் 210 அடி!

1947-ல் மோரீஸ் பார்க் என்ற கடற்படை வீரர் இன்னும் ஆழம் போக முயன்றார். போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக, கயிற்றில் தொங்கிய பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். திடீர் என்று கயிற்றில் சைகை நின்றது. வேகமாக இழுத்தார்கள். உயிர் இல்லை. 396 அடியில் இருந்த பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

கூஸ்தோவுக்கு அது பேரிடி. சாதாரணக் காற்றோடு 300 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் எல்லை கட்டினார்கள்.

வருஷ வாடகை ஒரு பிராங்கு

கடலைப் பார்க்க வேண்டுமானால் கடலிலேயே குடியிருக்க வேண்டும். அதற்கு ஒரு கப்பல் வேண்டும். கடற்படை அதிகாரியின் சம்பளத்தில் கப்பல் வாங்க முடியுமா?

மால்ட்டா தீவில் ஒரு மரக்கப்பல் கிடந்தது. யுத்த காலத்தில் கண்ணிவெடி அகற்றுவதற்காக அமெரிக்காவில் கட்டியது. யுத்தம் முடிந்ததும், தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிச் சென்றது. 1950-ல் கின்னஸ் என்ற ஆங்கிலச் செல்வர் அதை வாங்கிக் கூஸ்தோவிடம் கொடுத்தார். வாடகை, வருஷத்துக்கு ஒரு பிராங்கு!

கப்பல் வந்தது, அதைச் சீர்ப்படுத்தப் பணம் எங்கே? சிமோன் தம்முடைய நகைகளை விற்றார். ரோமக் கோட்டையும் விற்றார். மகன்கள் விடுதிப் பள்ளிக்குப் போனார்கள். தாய் கப்பலுக்குப் போனார். பின்னாளில் கலிப்சோவில் கூஸ்தோவைவிட அதிக நாள் வசித்தவர் சிமோன்தான். மாலுமிகளுக்கு அவர் தாய் போல. ஆனால் சினிமாப் படத்தில் முகம் காட்ட மாட்டார்.

கப்பலில் விநோத ஏற்பாடுகள் செய்தார்கள். சமையல் அறையில் ஒரு கிணறு வெட்டி, அதன் வழியாகவே கடலுக்குள் இறங்க வழி வைத்தார்கள். முன்புறத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இரும்பு அறை. அதில் படுத்துக்கொண்டு, வட்டக் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம்.

1951 நவம்பர் 24-ந் தேதி, விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு கலிப்சோ தூலோனில் இருந்து புறப்பட்டது. செங்கடலுக்குப் போய், அரேபியக் கரைக்கு அப்பால் உள்ள பவளப் பாறைகளில் நங்கூரம் போட்டது. சில விஞ்ஞானிகள் அபு லாட் என்ற வறண்ட தீவில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். மற்றவர்கள் நாள் தவறாமல் மூழ்கினார்கள். கைதேர்ந்த மாலுமிகளே அந்தத் தண்ணீரின் தெளிவைக் கண்டு பிரமித்தார்கள்.

கப்பலில் குடித்தனம்

இந்த மாதிரிப் பயணத்தில் காற்று அடைக்கும் யந்திரம்தான் முக்கியம். சிலிண்டர் காலியானால் மூழ்க முடியாது. அடுத்தது நேரக் கணக்கு. ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல் அது குமிழி விடும். மூட்டுகளில் உயிர் போகும் வலி. முடம் ஆகலாம். சாவும் நேரலாம். ஆகவே நிதானமாக, நின்று நின்று மேலே வரவேண்டும்.

ஒரு மாலுமி சிங்கி இறால் பிடிக்கப் போனவர், வேகமாக மேலே வந்துவிட்டார். உடனே அவரை அழுத்தக் காற்று நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். அவர் உள்ளே அடைபட்டுக் கிடக்க, வெளியே மற்றவர்கள் அந்த இறாலைச் சாப்பிட்டார்கள். கூஸ்தோ எடுத்த சினிமாவில் இந்தக் காட்சி வருகிறது.

கப்பலை ஓட்டப் பணம் வேண்டும். 1954-ல் அபுதாபிக் கடலில் எண்ணெய் தேடும் கம்பெனிக்காகக் கலிப்சோ வேலை செய்தது. சுறாக்களுக்குப் பயந்து, கூண்டுக்குள் இருந்தபடி கடலடியில் பாறை உடைத்தார்கள். அந்தக் கடலில் 1958-ல் எண்ணெய் கிடைத்தது.

மவுன உலகம்

1955-ல் கலிப்சோ மறுபடியும் செங்கடலுக்கும் இந்து மகா சமுத்திரத்துக்கும் போனது. லூயி மால் என்ற வாலிபர் காமிராவுடன் வந்தார்.

செங்கடலின் வடக்கே, கடலடியில் ஒரு பெரிய கப்பல் கிடப்பதைக் கண்டார்கள். அது திசில்கார்ம் என்ற ஆங்கிலக் கப்பல். ஆப்பிரிக்காவில் போரிட்ட ஆங்கிலச் சேனைக்குச் சாமான் கொண்டுபோன கப்பல். 1941 அக்டோபர் 6-ந் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 9 பேர் இறந்தார்கள். உள்ளே லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், துப்பாக்கிகள், பூட்ஸ்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. அருகே இரண்டு ரயில் என்ஜின்களும் கிடந்தன.

தெற்கே, அசம்ப்ஷன் தீவில் ஒரு பெரிய களவா மீன் அவர்களோடு சிநேகம் கொண்டது. கையில் இருந்து இரை வாங்கித் தின்றது. நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வந்தது. தொல்லை தாங்காமல், படம் எடுக்கும்போது அதைக் கூண்டில் அடைத்தார்கள்!

படத்துக்கு மவுன உலகம் என்று பெயர். 1956-ல் கான் பட விழாவில் முதல் பரிசு பெற்றது. கற்பனைக் கதை இல்லாத ஒரு படம் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. கூஸ்தோ உலகப் புகழ் பெற்றார்.

ரத்தக் கறை

அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள்.

ஒரு பாறையில் எத்தனை வகை மீன்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க, வெடி வைத்தார்கள். செத்த மீன்களைப் பொறுக்கி அடுக்கினார்கள். பேத்தை மீன் ஒன்று, உப்பிப்போய்க் கரையில் கிடந்து துடித்தது.

திமிங்கிலக் கூட்டத்தைத் துரத்தியபோது, ஒரு குட்டி கப்பலின் சுழல் விசிறியில் சிக்கிச் சிதைந்தது. அதன் ரத்தத்துக்குச் சுறாக்கள் வந்தன. தாங்கள் செய்த கேட்டை மறந்து, மாலுமிகள் சுறாக்கள் மேல் ஆத்திரம் கொண்டார்கள். கொக்கியால் இழுத்துப் போட்டுக் கோடரியால் வெட்டினார்கள்.

அந்தக் காலத்தில் இதைத் தவறு என்று சொன்னவர்கள் குறைவு. கடல் வற்றாத களஞ்சியம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கூஸ்தோவும் அப்படித்தான் நினைத்தார்.

கடலடியில் வீடு

1957-ல் அவர் மொனாக்கோ கடல் காட்சிசாலையின் தலைவர் ஆனார். கடற்படை உத்தியோகத்தை விட்டார். கடலுக்கு அடியில் மனிதர்களைக் குடிவைக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த திட்டம்.

1963-ல் சூடான் நாட்டுக்கு அப்பால், ஷாப் ரூமி என்ற பவளப் பாறையில் இரும்பு வீடு இறக்கினார்கள். 33 அடி ஆழத்தில் 5 பேர் ஒரு மாதம் வசித்தார்கள். துணைக்கு ஒரு கிளி! 90 அடி ஆழத்தில் இருந்த சிறு வீட்டில் 2 பேர் ஒரு வாரம் இருந்தார்கள். கடைசி நாட்களில் சிமோனும் இறங்கி அங்கே தங்கினார். இந்தப் படத்துக்கும் ஆஸ்கார் கிடைத்தது.

திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்க் கம்பெனிகளும் உண்டு. கடலடியில் எண்ணெய் எடுக்க ஆள் வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. நாளடைவில் கூஸ்தோவுக்கு அந்தக் கணக்குப் பிடிக்காமல் போயிற்று.

காவல்காரர் ஆனார்

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1960-ல் பிரெஞ்சு சர்க்கார், அணுசக்திக் கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டத் திட்டம் போட்டது. கூஸ்தோ கடுமையாக எதிர்த்தார். ஜனங்களும் எழுந்தார்கள். கழிவு ஏற்றிய ரயிலைப் பெண்களும் குழந்தைகளும் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

1968 முதல் அவருடைய டெலிவிஷன் படங்கள் பல நாடுகளில் ஓடின. சிவப்புக் கம்பளித் தொப்பியும் ஒல்லி உடம்புமாக, அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதர் ஆனார். அதே காலத்தில், முன்பு மூழ்கிய இடங்களுக்கு மறுபடியும் போனார். மீன்கள் குறைந்திருந்தன. பாறைகள் வெளிறிக் கிடந்தன. எந்த அழகைக் காட்டிப் புகழ் பெற்றாரோ, அந்த அழகு அவர் கண் முன்னாலேயே அழிந்துகொண்டிருந்தது.

1973-ல் கடலைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். தென் துருவக் கண்டத்தில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று லட்சக்கணக்கான கையெழுத்துத் திரட்டினார். 1991-ல் நாடுகள் கூடி அங்கே சுரங்கத்துக்குத் தடை போட்டன.

குடும்பச் சோகம்

கடல் அவருக்கு நிறையக் கொடுத்தது. நிறைய எடுத்தும் கொண்டது.

இளைய மகன் பிலிப், தந்தையின் வலது கையாக இருந்தார். 1979 ஜூன் 28-ந் தேதி, லிஸ்பன் அருகே ஆற்றில் இறங்கிய கடல் விமானம் கவிழ்ந்து இறந்தார். வயது 38. மூத்த மகன் ஜான் மிஷேல் துணைக்கு வந்தார். பின்னாளில் தந்தைக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்து, வழக்கு வரை போயிற்று.

1990-ல் சிமோன் காலமானார். அவருடைய சாம்பலைக் கடலில் தூவினார்கள். அதன் பின் கூஸ்தோ மறுமணம் செய்துகொண்டார்.

1996 ஜனவரியில், சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு படகு மோதிக் கலிப்சோ மூழ்கியது. தூக்கி எடுத்தார்கள். ஆனால் பழைய கலிப்சோவாக அது மறுபடியும் பயணம் போகவில்லை.

மறு ஆண்டு, 1997 ஜூன் 25-ந் தேதி, கூஸ்தோவும் பாரீசில் காலமானார். வயது 87. வாழ்நாள் எல்லாம் கடலில் கழித்தவரைப் பிறந்த ஊர் மண்ணில் அடக்கம் செய்தார்கள்.

இன்று

அவர் கண்ட திசில்கார்ம் கப்பலைப் பார்க்க இன்று ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். பார்க்கப் போனவர்களே அதைக் கெடுத்ததும் உண்டு. படகுகளை அதில் கட்டிக் கட்டி இழுத்ததில் இரும்புத் தகடுகள் பெயர்ந்தன. உள்ளே கிடந்த பொருள்களைச் சிலர் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே, கப்பலில் தங்கி மூழ்கப் போகிறவர்களுக்கு இப்போது முதல் பாடமே வேறு. பவளத்தைத் தொடாதே. மீனுக்கு இரை போடாதே. எதையும் எடுக்காதே. பாறை மேல் நங்கூரம் போடாதே. கூஸ்தோவின் மாலுமிகள் அந்த நாளில் செய்தவற்றில் பாதி, இன்று செய்யக் கூடாதவை.

ஷாப் ரூமியில் அவர் இறக்கிய இரும்புக் கொட்டகை இன்னும் கடலடியில் நிற்கிறது. 1963-ல் மனிதர் வந்து போன இடத்தில் இப்போது மீன்கள் குடியிருக்கின்றன. இரும்பின் மேல் பவளம் படர்ந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள், கைகளைக் கட்டிக்கொண்டு, மெல்ல மூச்சு விட்டபடி அதைச் சுற்றி வருகிறார்கள். அந்த மூச்சு கூஸ்தோ கொடுத்தது. கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தைக் கற்றுக்கொள்ள, அவருக்கே பாதி ஆயுள் ஆயிற்று.